பிரிண்டருக்காக லினக்ஸை விட வேண்டியதில்லை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கேள்வி-பதில் ஒன்றைப் படித்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். வீட்டில் லினக்ஸ் கணினி (விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் ஓடும் கணினி) வைத்திருக்கும் வாசகர் ஒருவர், அச்சும் ஸ்கேனும் ஒன்றாகச் செய்யும், வைஃபையில் இயங்கும் ஆல்-இன்-ஒன் பிரிண்டர் வாங்கலாமா, அதை எப்படி இணைப்பது என்று கேட்டிருந்தார். லினக்ஸில் பிரிண்டர் ஒழுங்காக வேலை செய்யாது, ஸ்கேனர் அறவே வேலை செய்யாது, நிறுவனத்தின் தளத்தில் டிரைவர் என்ற இணைப்பு நிரல் கிடைத்தால் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் விண்டோஸுக்கு மாறிவிடுங்கள் என்று நான்கே வரியில் பதில் முடிந்துவிட்டது. அந்த நான்கில் இன்றைக்குப் பொருந்தும் வரி ஒன்றுகூட இல்லை.

நான் பிழைதிருத்துநர். 26 ஆண்டுகளாக இதுதான் என் தொழில். கடைசிப் பதினோரு ஆண்டுகளாக வீட்டிலிருந்து, லினக்ஸ் கணினியில் வேலை பார்க்கிறேன். எனக்கு வரும் நூல்களைத் திரையில் வைத்துத் திருத்துவதில்லை. தாளில் அச்சடித்து, சிவப்பு மையில் திருத்தி, திருத்திய தாள்களை ஸ்கேன் செய்து பதிப்பகத்துக்கு அனுப்புகிறேன். இதைப் பழைய காலத்துப் பழக்கம் என்று இளைஞர்கள் நினைக்கலாம். ஆனால் 'அதை பார்த்தான்' என்று ஒற்று இல்லாமல் வந்திருப்பதைத் திரையில் கண் தாண்டிப் போய்விடும். தாளில் அந்த 'ப்' இல்லாத இடம் முள்ளைப் போல் குத்தும். ஒரே அத்தியாயத்தை இரண்டு விதமாகவும் திருத்திப் பலமுறை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். தாளில்தான் எனக்குப் பிழை அதிகம் அகப்படுகிறது. ஆகவே பிரிண்டரும் ஸ்கேனரும் ஒருநாள் நின்றாலும் என் பிழைப்பு நின்றுவிடும். தங்கள் பதிலைப் படித்துவிட்டு நான் சும்மா இருக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

பதில் எழுதியவர்மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் கிட்டத்தட்ட அதையே சொல்லியிருப்பேன். அப்போது நான் வைத்திருந்த பிரிண்டருக்கு அதைத் தயாரித்த நிறுவனம் லினக்ஸ் டிரைவர் ஒன்றைக் கொடுத்திருந்தது. அது 32 பிட் கணினிக்காகச் செய்யப்பட்டது. என்னுடையது 64 பிட். அதை ஓட வைக்கப் பழைய நிரல்தொகுப்புகளைத் தேடித் தேடி நிறுவ வேண்டியிருந்தது. ஒருநாள் தவறான டிரைவரைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அச்சடிக்கக் கொடுத்தது நான்கு பக்க முன்னுரை. பிரிண்டரிலிருந்து முதல் தாள் வந்தது. மேல் ஓரத்தில் ஒரு சதவீதக் குறி, ஓர் ஆச்சரியக் குறி, அதை ஒட்டி 'பிஎஸ் அடோபி' என்று ஆங்கில எழுத்துகள்; கீழே முழுத் தாளும் வெள்ளை. அடுத்த தாளில் அரை வரிக்கு எண்கள். அடுத்ததில் இரண்டே குறிகள். நான் ஓடிப் போய் மின்சாரத்தைத் துண்டிப்பதற்குள் நாற்பது தாள்கள் போய்விட்டன.

அன்று நடந்தது என்னவென்று பின்னால் தெரிந்துகொண்டேன். பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கணினி போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதி அனுப்பியிருக்கிறது. என் பிரிண்டருக்கு அந்த மொழி தெரியாது. வந்ததை வெறும் எழுத்துகளாக எடுத்துக்கொண்டு அப்படியே அச்சடித்துத் தள்ளியிருக்கிறது. அந்தக் காலத்துப் பிரச்சினை முழுவதும் இந்த மொழி வேறுபாடுதான். ஒவ்வொரு நிறுவனமும் தன் பிரிண்டருக்குத் தனி மொழி வைத்திருந்தது. கணினிக்கும் பிரிண்டருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கும் நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். அந்த மொழிபெயர்ப்பாளரை நிறுவனம் விண்டோஸுக்கு மட்டும் அனுப்பிவிட்டு லினக்ஸை மறந்துவிட்டால் நம்மால் எதுவும் செய்ய முடியாது.

நிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளும் உரிமை வேண்டும் என்ற கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் கதையே ஒரு பிரிண்டரில்தான் தொடங்குகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பிரிண்டரோ தொலைவில் இருந்தது. தாள் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி முந்தைய பிரிண்டரின் நிரலை அந்த ஆய்வகத்தின் நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் மாற்றி வைத்திருந்தார். புதியதிலும் அதையே செய்ய மூலநிரலைக் கேட்டார், கிடைக்கவில்லை. நிரலை உடையவர்கள் கதவைச் சாத்திவிட்டால் பயன்படுத்துபவர் கைகட்டி நிற்க வேண்டியதுதான் என்பதை அவருக்கு உணர்த்திய நிகழ்வுகளில் அது முக்கியமானது. 1983-ல் அவர், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்தார். நாற்பது வீண் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு அந்த மனிதரின் ஆற்றாமை நன்றாகவே புரிந்தது.

பிறகு நிலைமை மாறியது. மாற்றியது கைபேசி. 2010-ல் ஆப்பிள் நிறுவனம் ஏர்பிரிண்ட் என்ற வசதியைக் கொண்டுவந்தது. கைபேசியில் நூற்றுக்கணக்கான பிரிண்டர்களுக்கு டிரைவர் ஏற்றி வைக்க முடியாது அல்லவா? ஆகவே மொழிபெயர்ப்பாளரே தேவையில்லாத ஏற்பாடு வேண்டியிருந்தது. வீட்டு நெட்வொர்க்கில் பிரிண்டர் தானாகவே தன் பெயரை அறிவிக்கும். கணினியோ கைபேசியோ கேட்டால், என்னிடம் ஏ4 தாள் இருக்கிறது, இருபுறமும் அச்சடிப்பேன், வண்ணம் உண்டு, இத்தனை நுணுக்கத்தில் அச்சடிப்பேன், இந்த வடிவத்தில் பக்கத்தை அனுப்பினால் ஏற்றுக்கொள்வேன் என்று தன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும். இந்தப் பேச்சு நடக்கும் நெறிமுறைக்கு ஐபிபி என்று பெயர். அதற்கென ஒதுக்கப்பட்ட போர்ட் எண் (நெட்வொர்க் செய்தி நுழையும் வாசலின் எண்) 631. பிரிண்டர் நிறுவனங்களின் கூட்டுக் குழு 2013-ல் 'ஐபிபி எவ்ரிவேர்' என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. ஆண்ட்ராய்டு உலகில் இதே போன்ற வசதியாக மோப்ரியா வந்தது. கைபேசியிலிருந்து அச்சடிக்க முடியாத பிரிண்டரை இன்று யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் நிறுவனங்கள் இந்தத் தரங்களை ஏற்றுக்கொண்டன. கைபேசிக்குப் புரியும் பிரிண்டர் லினக்ஸுக்கும் புரிகிறது. லினக்ஸ் பயனர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டும் திறக்காத கதவு இந்த வழியில் திறந்தது.

'லினக்ஸில் பிரிண்டர் வேலை செய்யாது' என்ற பேச்சில் இன்னொரு தவறும் இருக்கிறது. லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் நிரலின் பெயர் கப்ஸ். மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997-ல் எழுதத் தொடங்கி 1999-ல் வெளியிட்டது. ஆப்பிள் 2002-ல் அதே கப்ஸைத் தன் மேக் கணினியில் சேர்த்துக்கொண்டது. 2007-ல் அதன் மூலநிரல் உரிமையையே வாங்கியது. இன்றும் மேக் கணினியில் அச்சடிக்கும்போது உள்ளே உழைப்பது கப்ஸ்தான். மேக்கில் பிரிண்டர் வேலை செய்யாது என்று தங்கள் பக்கத்தில் யாராவது எழுதுவார்களா? விண்டோஸும் இந்தப் பாதையில்தான் வருகிறது. பிரிண்டர் நிறுவனங்களின் தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. அங்கும் இனி ஐபிபிதான்.

இப்போது அந்த வாசகரின் கேள்விக்கு வருகிறேன். என்னிடம் இப்போது இருப்பது மூன்றாவது பிரிண்டர். மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கியது. பெட்டியைப் பிரித்து, பிரிண்டரின் சிறிய திரையில் வைஃபை பெயரைத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல்லை அம்புக்குறி விசையால் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி அடித்தேன். அன்று நேரம் பிடித்த வேலை அது ஒன்றுதான். பிறகு கணினியில் கோப்பைத் திறந்து அச்சடிக்கக் கொடுத்தேன். பிரிண்டரின் பெயர் ஏற்கெனவே அங்கே இருந்தது. நான் எதையும் நிறுவவில்லை. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகைகளில் அண்மைப் பதிப்பு எதுவாக இருந்தாலும் இப்படித்தான் நடக்க வேண்டும். அவாஹி என்ற சிறு நிரல் நெட்வொர்க்கில் பிரிண்டரின் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கப்ஸ் அதைக் கொண்டு அந்தப் பிரிண்டருக்கான அச்சு வரிசையைத் தானாக உருவாக்கிக்கொள்கிறது.

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். பெயர் தானாக வந்துவிட்டதைக் கவனிக்காமல், பழைய வழக்கப்படி நிறுவனத்தின் தளத்துக்குப் போய் டிரைவரை இறக்கி நிறுவுகிறார்கள். அப்புறம் ஒரே பிரிண்டர் பட்டியலில் இரண்டு பெயரில் நிற்கிறது. ஒன்று வேலை செய்கிறது, மற்றொன்று செய்வதில்லை. எது எதுவென்று தெரியாமல் மாற்றி மாற்றி அழுத்தி, கடைசியில் லினக்ஸ் சரியில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் வீட்டில் நான் செய்ததெல்லாம் நிறுவிய டிரைவரை நீக்கியது மட்டும்தான். உடனே அச்சு வந்தது. முதலில் அச்சடித்துப் பாருங்கள். வராவிட்டால்தான் அடுத்த வேலை.

பட்டியலில் பெயர் வந்தும் தாள் நகராமல் விளக்கு மட்டும் சிமிட்டினால் தாள் அளவைப் பாருங்கள். இது அற்பமாகத் தெரியும்; ஆனால் என்னிடம் உதவி கேட்டவர்களில் பலருக்கு இதுதான் கோளாறு. லினக்ஸை அமெரிக்க ஆங்கிலத்தில் நிறுவியிருந்தால் இயல்பான தாள் அளவு 'லெட்டர்' என்று அமைந்துவிடும். லெட்டர் தாள் 216-க்கு 279 மில்லிமீட்டர். தட்டில் நாம் வைத்திருக்கும் ஏ4 தாள் 210-க்கு 297. கேட்ட தாள் இல்லையே என்று பிரிண்டர் காத்துக்கொண்டு நிற்கிறது. அமைப்பில் ஏ4 என்று மாற்றியவுடன் ஓடத் தொடங்குகிறது.

உண்மையான தொல்லை பெரும்பாலும் டிரைவரில் இல்லை, நெட்வொர்க்கில் இருக்கிறது. இதை நான் கற்ற இரவை மறக்க மாட்டேன். என் இரண்டாவது பிரிண்டர் காலம். 312 பக்கக் கட்டுரைத் தொகுப்பின் இறுதி மெய்ப்பு. காலை ஒன்பது மணிக்குத் திருத்தம் போய்ச் சேர வேண்டும். இரவு எட்டு மணிக்கு அச்சடிக்கக் கொடுத்தால், பிரிண்டர் பதிலளிக்கவில்லை என்று திரை சொல்கிறது. பிரிண்டரோ பச்சை விளக்கோடு நிற்கிறது. டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினேன். பயனில்லை. மறுபடி நீக்கினேன், மறுபடி நிறுவினேன். மூன்றாவது முறையும் அதே செய்தி. மணி பத்தரை. அப்போது என் மகள் வந்து, "அம்மா, கணினியை விடுங்கள். பிரிண்டரைக் கேட்டுப் பாருங்கள்" என்றாள். பிரிண்டரின் திரையில் நெட்வொர்க் அறிக்கையை அச்சடிக்கும் கட்டளை இருந்தது. ஒரே தாள் வந்தது. அதில் பிரிண்டரின் முகவரி 192.168.1.14 என்று இருந்தது. கணினியின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். அது 192.168.1.11-க்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

மாலையில் மின்சாரம் போய் வந்திருந்தது. ரவுட்டர் மறுபடி எழுந்தபோது வீட்டுச் சாதனங்களுக்கு எண்களைப் புதிதாகப் பங்கிட்டிருக்கிறது. 11 என்ற எண் என் மகளின் கைபேசிக்குப் போய்விட்டது. இரண்டரை மணி நேரம் நான் நூலைக் கைபேசியின் முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். எண்ணைத் திருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விடிய விடியத் திருத்தி, ஒன்பதுக்குப் பதில் பதினொரு மணிக்கு அனுப்பினேன். பதிப்பகத்தார் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் கடைசி ஐம்பது பக்கங்களை நான் எப்படிப் படித்தேன் என்பது எனக்குத் தெரியும். நூல் வெளிவந்த பிறகு அந்தப் பக்கங்களில் இரண்டு பிழைகளைப் பார்த்தேன். இன்றும் அந்த நூலை எடுத்தால் கை அந்தப் பக்கங்களுக்குத்தான் போகிறது.

ஆகவே பிரிண்டர் வாங்குபவர்கள் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைப் பிரவுசரில் திறந்து, பிரிண்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட வேண்டும். ஒவ்வொரு சாதனத்துக்கும் மேக் முகவரி என்று எண்ணும் எழுத்தும் கலந்த பன்னிரண்டு இலக்க அடையாளம் உண்டு (ஆப்பிளின் மேக் கணினிக்கும் இதற்கும் தொடர்பில்லை). பிரிண்டர் அச்சடிக்கும் நெட்வொர்க் அறிக்கையில் அது இருக்கும். அதைக் கொடுத்து, இந்த அடையாளம் வந்தால் இந்த எண்ணைக் கொடு என்று ரவுட்டருக்குச் சொல்லிவிட்டால் மின்சாரம் எத்தனை முறை போய் வந்தாலும் எண் மாறாது. தானாகக் கண்டுபிடிக்கும் புதிய முறை எண்ணை நம்பாமல் பெயரைத் தேடுகிறது. அதில் இந்தச் சிக்கல் குறைவு. இருந்தும் எண்ணை ஒதுக்கி வைப்பது நல்லது. பிரிண்டரின் சொந்த அமைப்புப் பக்கத்தைத் திறக்க அந்த எண் தேவைப்படும். மை அளவு பார்ப்பது, அச்சுமுனையைச் சுத்தம் செய்வது போன்ற வேலைகளுக்கு விண்டோஸில் நிறுவனம் தரும் செயலி லினக்ஸில் பெரும்பாலும் இருக்காது. பிரவுசரில் பிரிண்டரின் எண்ணை அடித்தால் பல பிரிண்டர்களில் அந்த வேலைகள் அங்கேயே கிடைக்கின்றன. உள்ளே நுழைந்தவுடன் தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

பட்டியலில் பிரிண்டரின் பெயரே வரவில்லை என்றால், கணினியும் பிரிண்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விருந்தினர் வைஃபை என்று பல ரவுட்டர்களில் தனியாக ஒன்று இருக்கும். அதில் சேர்ந்த சாதனங்கள் மற்றவற்றைப் பார்க்க முடியாது. பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் சேரும். மடிக்கணினி 5-ல் இருக்கும். இரண்டும் ஒரே வீட்டு நெட்வொர்க் என்றால் தவறில்லை. ஆனால் சில ரவுட்டர்கள் அறிவிப்புகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடத்துவதில்லை. சாதனங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் அமைப்பு ரவுட்டரில் இயங்கினாலும் இதே கதைதான். வெளியிலிருந்து வரும் தொடர்புகளை வடிகட்டும் கணினியின் ஃபயர்வாலும் காரணமாக இருக்கலாம். பிரிண்டரின் அறிவிப்பு 5353 என்ற போர்ட் வழியாக வருகிறது. அதை அடைத்து வைத்தால் பிரிண்டர் எவ்வளவு கூவினாலும் கணினியின் காதில் விழாது. கண்டுபிடிக்கவே முடியாதபோதும் வழி இருக்கிறது. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 631 (localhost:631) என்ற முகவரியைத் திறந்தால் கப்ஸின் சொந்த நிர்வாகப் பக்கம் வரும். அங்கே பிரிண்டரின் முகவரியை நேரடியாகக் கொடுத்து, மாதிரியைக் கேட்கும் இடத்தில் 'ஐபிபி எவ்ரிவேர்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அதே 631 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்க வேண்டாம். 2024 செப்டம்பரில் கப்ஸோடு சேர்ந்து இயங்கும் ஒரு துணை நிரலில் கடுமையான பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளை வெளியிடுபவர்கள் உடனே திருத்தம் வெளியிட்டார்கள். கணினியைப் புதுப்பித்து வைத்திருந்தால் போதும், அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்து ஸ்கேனர். தங்கள் பதிலில் என்னை மிகவும் வருத்தியது ஸ்கேனர் அறவே வேலை செய்யாது என்ற வரி. என் மேசையில் அது நாள்தோறும் வேலை செய்கிறது. லினக்ஸில் ஸ்கேனர்களைக் கவனிக்கும் நிரலுக்கு சேன் என்று பெயர். 'ஸ்கேனரை அணுகுவது இனி எளிது' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்த பெயர். பெயருக்கு ஏற்ப எளிதாக இல்லாமல் நெடுங்காலம் இருந்தது உண்மைதான். அச்சுக்கு ஐபிபி வந்ததைப் போல ஸ்கேனுக்கு ஈ-எஸ்-சி-எல் (eSCL) என்ற பொது நெறிமுறை வந்த பிறகு மாறிவிட்டது. ஏர்பிரிண்ட் உள்ள ஆல்-இன்-ஒன் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. சேன்-ஏர்ஸ்கேன் என்ற சிறு நிரல் அந்த நெறிமுறையைப் பேசுகிறது. 2021 ஆகஸ்டில் வந்த டெபியன் 11, டிரைவர் இல்லாத ஸ்கேனை வெளியீட்டுச் சிறப்புகளில் ஒன்றாகவே அறிவித்தது. யுஎஸ்பி கம்பியில் இணைத்தாலும் இதே வசதி கிடைக்க ஐபிபி-யுஎஸ்பி என்ற நிரலும் அதில் வந்தது.

ஒரு நாள் வேலையைச் சொல்கிறேன். திருத்திய தாள்களைப் பிரிண்டரின் மேல்தட்டில் அடுக்குகிறேன். கணினியில் டாக்குமென்ட் ஸ்கேனர் என்ற செயலியைத் திறந்து, தட்டிலிருக்கும் எல்லாப் பக்கங்களும் என்று தேர்ந்தெடுத்து அழுத்துகிறேன். தாள்கள் ஒவ்வொன்றாக உள்ளே போகின்றன. ஓர் அத்தியாயம் முடிந்ததும் பிடிஎஃப் ஆகச் சேமிக்கிறேன். அங்குலத்துக்கு 300 புள்ளி நுணுக்கம் எழுத்துக்குப் போதுமானது. அதற்கு மேல் போனால் கோப்பு வீங்கும், எழுத்து தெளிவாவதில்லை. 300-லேயே ஓர் ஏ4 பக்கம் 2480-க்கு 3508 புள்ளிகள். சுருக்காமல் வண்ணத்தில் வைத்தால் ஒரு பக்கமே 26 மெகாபைட். அதனால் கறுப்பு-வெள்ளையில் ஸ்கேன் செய்யும் ஆசை வரும். என்னைப் போல் சிவப்பு மையில் எழுதுபவர்கள் அதைச் செய்யக் கூடாது. சாம்பல் நிறத்தில் சிவப்பு மை அச்செழுத்தோடு கலந்து மங்கிவிடும். நான் சேர்த்த ஒற்றும் அடித்த கோடும் தட்டச்சு செய்பவர் கண்ணில் படாமலே போகும். ஒரு நூல் அப்படிப் போய்த் திரும்பி வந்த பிறகு வண்ணத்தில் மட்டுமே ஸ்கேன் செய்கிறேன், சேமிக்கும்போது சுருக்கிக்கொள்கிறேன்.

முழுவதும் குறையில்லை என்று சொல்ல மாட்டேன். பிரிண்டரின் முகப்பில் 'கணினிக்கு ஸ்கேன் செய்' என்றிருக்கும் பொத்தான் என் லினக்ஸ் கணினியோடு வேலை செய்யவில்லை. அது நிறுவனத்தின் சொந்தச் செயலியை எதிர்பார்க்கிறது. ஸ்கேனைக் கணினியின் பக்கமிருந்துதான் தொடங்க வேண்டும். பழைய மாதிரிகள் சிலவற்றுக்கு இன்றும் தனி டிரைவர் தேவை. பழையவற்றைத் தூக்கியெறியவும் வேண்டாம். கப்ஸின் அடுத்த பெரும்பதிப்பில் பழைய பாணி டிரைவர்களுக்கு இடமிருக்காது. அதை முன்கூட்டியே நினைத்து, லினக்ஸின் அச்சு நிரல்களைக் கவனிக்கும் ஓப்பன்பிரிண்டிங் குழுவினர் 'பிரிண்டர் அப்ளிகேஷன்' என்ற ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். பழைய பிரிண்டருக்கு முன்னால் நின்று, புதிய பிரிண்டரைப் போலக் கணினியிடம் பேசும் நிரல் அது. ஊதியமின்றியும் சிறு ஊதியத்துக்கும் உழைக்கும் மனிதர்கள், நிறுவனங்கள் கைவிட்ட பிரிண்டர்களுக்காக இவ்வளவு செய்கிறார்கள். அவர்கள் உழைப்பை 'வேலை செய்யாது' என்ற ஒரு சொல்லால் தள்ளிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

விண்டோஸுக்கு மாறிவிடுங்கள் என்பது சொல்வதற்கு எளிது. லினக்ஸ் வைத்திருப்பவர்களில் பலர் பழைய கணினியை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவதற்காக அதை நிறுவியவர்கள். என்னுடையதும் பழைய கணினிதான். புதிய விண்டோஸ் அதில் ஏறாது. ஒரு பிரிண்டருக்காகக் கணினியையே மாற்றச் சொல்லிவிட்டது அந்தப் பதில். அதைப் படித்த எத்தனை பேர் நல்ல கணினியை ஓரம் கட்டினார்களோ என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். கேள்வி கேட்ட வாசகருக்கு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், திருத்தம் ஒன்று வெளியிடுங்கள். அவர் பிரிண்டர் வாங்குவதற்கு முன் பெட்டியிலோ விவரக் குறிப்பிலோ ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா அல்லது ஐபிபி எவ்ரிவேர் என்று இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஸ்கேனுக்கு ஈ-எஸ்-சி-எல் அல்லது ஏர்ஸ்கேன் என்று தேடட்டும். கைபேசியில் தனிச் செயலி எதையும் ஏற்றாமல் அச்சடிக்க முடிந்தால் லினக்ஸிலும் அநேகமாக முடியும். கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் மாதம் ஒருமுறையாவது பிரிண்டர் மதிப்பீடு வருகிறது. நிமிடத்துக்கு எத்தனை பக்கம், மைக்குப்பி எத்தனை நாள் வரும் என்றெல்லாம் விரிவாக எழுதுகிறீர்கள். டிரைவர் நிறுவாமல் அச்சும் ஸ்கேனும் வருகின்றனவா என்று ஒரே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அதைச் சோதிக்க லினக்ஸ் தெரிந்தவர் தேவையில்லை. ஒரு பென் டிரைவில் உபுண்டுவை ஏற்றி, கணினியில் நிறுவாமலே அதிலிருந்து இயக்கி, பிரிண்டரின் பெயர் பட்டியலில் வருகிறதா என்று பார்த்தால் போதும். பதினைந்து நிமிட வேலை. சோதிக்கத் தங்கள் அலுவலகத்தில் ஆள் இல்லையென்றால் எழுதுங்கள். நான் செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பிழைதிருத்துநர் ஒருவர்

பி.கு.: அதே பதிலில் 'டிரைவரை பதிவிறக்கி' என்று ஒற்று விட்டுப்போயிருக்கிறது. 'டிரைவரைப் பதிவிறக்கி' என்று இருக்க வேண்டும். திருத்தம் வெளியிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.